ஒலி உதவி: ராக்காயி சவுண்ட் சர்வீஸ், செல்லூர்

நாலாவது எபிசோடில் நான் வருகிறேன்.
நானில்லை,
என்னைவிட நல்ல சட்டை போட்ட ஒருத்தர்.
சுருளி என்று பெயர் வைத்திருக்கிறான்.
எனக்கு மீசை கிடையாது, அவருக்கு உண்டு.
ஆம்ப்ளிஃபயர் மேல் வைத்த சுண்டல் பொட்டலம் மட்டும்
அப்படியே என்னுடையது.

பூவலிங்கத்தின் தொடரை
மின்னல்கொடி முதல் வாரமே கைவிட்டாள்.
"இதுல எங்க சிரிக்கணும்?" என்றாள்.
நியாயமான கேள்விதான்.
சிரிக்க வேண்டிய இடத்தில்
உள்ளேயிருந்து யாரும் சிரித்துக் காட்டுவதில்லை.
அவன் ஜோக்கை முடித்ததும்
ஒரு மண்டபம் சும்மா இருக்கிற சத்தம் கேட்கிறது:
ஃபேன் றெக்கை, பிளாஸ்டிக் நாற்காலி,
பின்வரிசையில் சளிபிடித்த ஒரு குழந்தையின் மூக்கு.
இருபத்தாறு வருஷம் சவுண்டு போட்டவன் சொல்கிறேன்,
அமைதியை இவ்வளவு சுத்தமாகப் பிடிப்பது லேசில்லை.

கதை என்று ஒன்றும் கிடையாது.
ஒரு வாரம் சிம்மக்கல்லில் பைக் பஞ்சராகி
வைகையைத் தாண்டித் தள்ளிக்கொண்டே போகிறான்.
அதுதான் மொத்தமும்.
பஞ்சர் கடைக்காரர் கடைசியில் கேட்கிறார்,
"டிவில வர்றவர்தான நீங்க,
ஏதாச்சும் சொல்லுங்க, சிரிப்போம்."
டியூபைத் தண்ணியில் முக்கி
குமிழ் வருகிற இடத்தை
ரெண்டு பேரும் தேடுகிறார்கள்.
பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன.

இன்னொரு வாரம் அவன் அப்பா வருகிறார்.
ஒன்பது வயசுப் பயல் ஒருத்தன்
அப்பாவாக நடிக்கிறான்.
ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.
நரைத்த மகனை அண்ணாந்து பார்த்து
"இளிச்சு இளிச்சு எத்தன நாளைக்குடா சோறு?" என்கிறான்.
கைகட்டி நிற்கிறான் பூவலிங்கம்.
பிறகு முனிச்சாலை டிராபிக்கில் ரோட்டைக் கடக்க
அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான்.
அன்றைக்கு டிவியை அணைத்துவிட்டு
ஏற்கெனவே சுற்றி வைத்த ஒயரைப் பிரித்து
மறுபடி சுற்றினேன்.

நாலாவதுக்கு வருகிறேன்.
கரிமேட்டில் முளைப்பாரி கரைத்த ராத்திரி.
கச்சேரிக்குப் பாடகி வரத் தாமதம்.
"பத்து நிமிசம் ஓட்டுடா" என்று
கமிட்டி அவனை ஏற்றிவிட்டது.
வயசு பத்தொன்பது.
மாமனார் வாங்கிக்கொடுத்த மிக்ஸியைப் பற்றி
ஜோக்கு வைத்திருந்தான்,
கல்யாணமே ஆகாதவன்.

தொடரில் இப்படி:
மூணாவது ஜோக்கில் கரண்டு போகிறது.
இருட்டில் ஒரே ஒருத்தர் சிரிக்கிறார், சுருளி.
அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு
மைக் இல்லாமலே மிச்ச நிமிஷத்தைப் பேசி முடிக்கிறான்.

நடந்தது இப்படி:
கரண்டு போகவில்லை.
கமிட்டித் தலைவர் கண்ணைக் காட்டினார்.
அவன் மைக்கின் சுவிட்சைக் கீழே தட்டினேன்.
சீரியல் பல்பு எல்லாம் எரிய எரிய
உதடு மட்டும் அசைந்தது.
மைக்கை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
நான் சுண்டலைப் பார்த்தேன்.

பொட்டலம் வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பவனுக்கு
விரல் எங்கே இருந்தது என்றா தெரியாது?
மன்னித்துவிட்டான் போல என்று நினைத்தேன்.
மறுநாள், குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தேன்.
"அந்தாளு உன்ன வச்சுக் காசு பாக்குறான்,
பங்கு கேளு" என்றாள் மின்னல்கொடி.

மூணாவது தடவை
ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன்.
திரை இருட்டாகிறது.
சுருளி சிரிப்பதற்கு அரை விநாடி முன்னால்
சின்னதாக ஒரு "டொக்".
கரண்டு போகும்போது அந்தச் சத்தம் வராது.
பழைய ஆம்ப்ளிஃபயரில்
சுவிட்சை ஒருத்தன் அணைத்தால்தான் வரும்.
பார்க்கிற யாருக்கும் கேட்காது.
கேட்டாலும் தூசி என்று நினைப்பார்கள்.

திருப்பி ஓட்டினேன். டொக்.
இன்னொரு தடவை. டொக்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
இருபத்திரண்டு வருஷம் கழித்து,
ஹெட்போனோடு, நடுக்கூடத்தில், சத்தமாக.

அடுப்படியிலிருந்து கேட்டாள்,
"என்ன, ஒருவழியா ஜோக்கு சொல்லிட்டானா?"