இரண்டு டீ

பூந்தோட்டத்தில் ஒருவர் இருமினால்
அரசலாற்றின் அக்கரையில் சுக்கு தட்டுவார்கள்.
நான் இங்கே மெடிக்கல் வைத்திருப்பவன்.
யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம்,
தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்து
எட்டு நாள் ஓட்டுவது யார்,
எல்லாம் இந்த மர டிராயருக்குள் இருக்கிறது.
தமயந்தி டீச்சர் கேட்பதை
தினத்தாளில் மடித்து, வேறு பக்கம் பார்த்துக் கொடுப்பேன்.
அவரும் மீதிச் சில்லறையை எண்ணாமல் போவார்.

புரட்டாசி. குறுவை அறுப்பு.
ரோட்டில் பாதி நெல், பாதி பஸ்.
ஆறே முக்கால் பாசஞ்சரில்
நீலப் பையோடு போனாள் வேதவல்லி.
கேட் போட்டிருந்தது.
அந்தப் பக்கம் டிராக்டரில் நடவுக்குப் போகிறவர்கள்,
இந்தப் பக்கம் பூக்கட்டும் அஞ்சலை,
கேனோடு பால்கார உத்திராபதி.
அத்தனை பேரும் பார்த்து முடித்து
எனக்குத் தெரியும்போது மணி ஒன்பது.

ஒருவரும் கேட்கவில்லை.
கொஞ்சம் அதிகமாகவே கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜெகபர் கடைப் பையன்
கம்பித் தூக்கில் ஒரே ஒரு கிளாஸ் கொண்டுவந்தான்.
ஒன்பது வருஷமாக இரண்டு.
நான் சொல்லி அனுப்பவில்லை.
அவள் பில் போடும் ஸ்டூல்மேல்
ஒரு பஞ்சு உருளையைத் தூக்கி வைத்தேன்.

உத்திராபதி அரை லிட்டரைக் காலாக்கினார்.
அஞ்சலை பூ கொண்டுவரவில்லை.
டீச்சர்தான், தலைவலி மாத்திரைக்கு வந்தவர்,
மீதிச் சில்லறையை எண்ணினார்.
ஒரு தடவை. இன்னொரு தடவை.
பிறகு போய்விட்டார்.

எரிச்சலாகவும் வந்தது.
ஒரு மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு
உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.
இந்த ஊரில் அழுவதென்றால்
நன்னிலத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் தூறல்.
நெல்லை மூடத் தார்ப்பாயோடு ஓடுகிறார்கள்.
பையன் வந்தான். தூக்கில் இரண்டு கிளாஸ்.
"இன்னொண்ணு யாருக்குடா?"
"தெரியல. அத்தா குடுக்கச் சொன்னாங்க."

கிளாசைப் பார்த்தேன். கேட் பக்கம் பார்த்தேன்.
பாசஞ்சர் இன்னும் ஸ்டேஷனை விட்டு நகரவில்லை.
அந்தப் பக்கம் குடைகளுக்கு நடுவே
நீலமாக ஏதோ.
பஞ்சு உருளையை எடுத்துக் கீழே வைத்தேன்.

அவள் வந்து உட்கார்ந்தபோது
டீயில் ஆடை கட்டியிருந்தது.
விரலால் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுக் குடித்தாள்.
"யாராவது கேட்டாங்களா?"
"இல்ல."