எட்டு அங்குலம்

பாடாங் செராயில் டயர் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவில்
என் கடை. பலகையில் லெட்சு கார் ஆடியோ.
லெட்சு நான்தான்.
வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து
தவுக்கே இல்லையா என்பார்கள்,
அப்புறம்தான் வாட்ஸ் கேட்பார்கள்.

அட்டைப்பெட்டியில் ஆயிரத்து இருநூறு என்று
கல்யாண பேனர் அளவுக்கு எழுதியிருக்கும்.
அது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும்.
அடியில் எறும்பெழுத்தில் முந்நூறு:
நாள் முழுக்க அது சுமக்கக்கூடிய பாரம்.
அதைப் படி என்பேன்.
போனசை நம்பி யாராவது வீட்டு வாடகை பேசுவார்களா?

பேசினான், கிராணி மகன் தினகரன்.
கஞ்சிலின் பின்னால் பன்னிரண்டு அங்குலம், இரண்டு.
"அக்கா, இடி இறங்கணும்."
இறங்கும் தம்பி, விளக்கும் சேர்ந்து இறங்கும்.
ஒவ்வொரு அடிக்கும் முன்விளக்கு கண் சிமிட்டும்,
நம்பர் பிளேட் ஜால்ரா போடும்,
பாடுவது ஆணா பெண்ணா என்று உனக்கே தெரியாது.
இந்த வண்டிக்குப் பத்து போதும், மூடிய பெட்டி.
ஆம்புக்கும் அதற்கும் ஓம் பொருந்த வேண்டும்,
ஜாதகம் பொருந்தாவிட்டால்கூடச் சமாளிக்கலாம்.
கேட்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் போட்டுக்கொண்டான்.
ஏழாவது வாரம் வந்தான், பின்கண்ணாடிக்கு டேப் ஒட்டி.
நான் சிரிக்கவில்லை. பேட்டரி விற்றேன்.

சூசைநாதன் வந்தது ஒரு சனிக்கிழமை, மழையோடு.
பிறையிலுள்ள ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றும் வேன்.
ஈரத்தோடு நின்று, பெரிசா ஒண்ணு போடு என்றார்.
எவ்வளவு பெரிசு?
பதில் சொல்லாமல் முன்சக்கரத்தைக் காட்டினார்.
ரிம்மில் சேறு, செம்பனை ஓலைத் துணுக்கு.
செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி, தோட்டத்து வளைவு.
கண் ஒரு நொடி போயிருக்கிறது.
ஒரு சக்கரம் மட்டும் கால்வாய் ஓரம்.
"யாரும் முழிக்கல. நானும் சொல்லல."

பிறகு சொன்னார்:
"பின்னால பதினோரு பேர் தூங்குவாங்க.
அவங்க எழும்பக் கூடாது. நான் தூங்கக் கூடாது."

பதினான்கு வருடத் தொழிலில்
கேட்காமலிருக்க ஒருவர் காசு கொடுப்பது அன்றுதான்.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் அளந்தேன்.
பதினொரு சென்டிமீட்டர்.
தட்டையான எட்டு அங்குலம் நுழையும்.
நூற்றிருபது வாட்ஸ், எறும்பெழுத்துக் கணக்கில்.
ஆழ்ந்த ஒலிக்குத் திசை கிடையாது,
இரும்பைப் பிடித்துக்கொண்டு எங்கும் ஊரும்.
டயர் கடையில் பழைய கித்தா ஷீட் வாங்கி வெட்டி
தரைக்கும் பெட்டிக்கும் நடுவே விரித்தேன்.
இருக்கைச் சட்டத்தோடு மட்டும் போல்ட்டு.
எழுபதுக்கு மேலுள்ளதெல்லாம் வெட்டு:
குரல் வேண்டாம், தாளம் வேண்டாம்,
உறுமியின் தேய்ப்பு மட்டும் மிஞ்சட்டும்.

அவர் முன்னால். நான் கடைசி வரிசையில் கண்ணை மூடி.
பையன் ஸ்குரூ டிரைவரால் கெயினைத் திருப்புகிறான்,
மயிரிழை, மயிரிழையாக.
வருதா?
இல்ல.
வருதா?
"முதுகுல வருது. நிறுத்து. அதே."
எனக்கு மழை மட்டும் கேட்டது.

அண்ணே, இதை நம்பாதீங்க என்றேன்.
தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.
மத்தியான ஷிப்டும் ஓட்டுகிறாராம், மகளுக்குக் காலேஜ் ஃபீஸ்.
டாக்டர் முன்னால் தலையாட்டுவதுபோல் ஆட்டினார்.
முந்நூறு வெள்ளி கொடுத்தார், மீதி மாதக் கடைசியில்.

மாதக் கடைசி மூன்று முறை வந்துவிட்டது.

நான் கடை மேலேயே படுக்கிறேன்.
நாலே முக்காலுக்கு ஷட்டர் ஒருதரம் நடுங்கும்.
அது அவருடைய பழைய எஞ்சின்,
என் பெட்டி இல்லை, எனக்குத் தெரியும்.
ஆனாலும் வளைவு தாண்டும்வரை
எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன்.