ரசீது எண் 212

பிரெஞ்சு எழுதத் தெரியும் என்பதால்
ரசீதுப் புத்தகம் என் கைக்கு வந்தது.
துப்பாக்கி வேறொருவன் கையில்.
எண்பத்திரண்டாம் வருடம், ஹைட்டி.
ஜாக்மெலுக்கு மேலே, ஜீப் நின்றுவிடும் இடத்திலிருந்து
இன்னும் இரண்டு மணி நேரம் ஏற வேண்டிய மலை.

பெயர் கேட்டேன். அவள் பெயரைத்தான் கேட்டேன்.
"அக்டோபர்" என்றாள் மெர்சிலியா,
மாமரத்தடியில் கட்டியிருந்த கறுப்புப் பன்றியைக் காட்டி.
அக்டோபரில் பள்ளி திறக்கும்.
ஒரு குட்டியை விற்றால்
மகளுக்குச் சீருடை, இரண்டு நோட்டு, காலுக்கு ஏதாவது.
வங்கியே எட்டிப் பார்க்காத மலையில்
எச்சில் தோலைத் தின்று குட்டி போடும் வங்கி அது.

காய்ச்சல், என்றேன். பன்றிக் காய்ச்சல்.
கடல் தாண்டினால் அமெரிக்கப் பண்ணைகள் அழியுமாம்.
"இதுக்கா காய்ச்சல்?"
பிள்ளைக்குப் பார்ப்பதுபோல்
புறங்கையால் காதைத் தொட்டுப் பார்த்தாள்.
சுடவில்லை.
பிறகு சுட்டார்கள்.

நான் ரசீது எழுதினேன்.
தலை: ஒன்று. நிறம்: கறுப்பு. தொகை: பின்னர்.

இறங்கும் வழியெல்லாம் பை கனத்தது.
எங்களுக்குச் சீட்டுகள் புதிதா என்ன.
சங்கிலியை உடைத்து விடுதலை சொன்ன இருபத்தோராம் வருடம்
துறைமுகத்தில் போர்க்கப்பல்களை நிறுத்திவிட்டு
பிரான்ஸ் நீட்டிய சீட்டு ஒன்று உண்டு:
நீங்கள் எங்கள் உடைமை,
உங்களை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்,
விலை பதினைந்து கோடி ஃபிராங்க்.
அதன் முதல் தவணையைக் கட்ட
அவர்கள் ஊர் வங்கியிலேயே கடன்.
அன்று குட்டி போடத் தொடங்கியது வட்டி.
குட்டிக்குக் குட்டி, அதற்குத் தரகு,
மூட்டை மூட்டையாய்க் கப்பலேறியது காப்பி,
கட்டாத பள்ளிக்கூடங்களும் பாலங்களும்
அந்த மூட்டைகளுக்குள்தான் போயின.
நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஈன்றது.
அந்தப் பன்றிக்கு மட்டும்
காய்ச்சலே வரவில்லை.

நடுவில் ஒரு டிசம்பரில்
அமெரிக்கக் கடற்படையினர் தலைநகர வங்கிக்குள் நடந்து
தங்கப் பெட்டிகளைத் தூக்கி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள்.
பத்திரமாக இருக்கட்டுமாம்.
அடுத்த வருடம் எங்களையும் பத்திரப்படுத்த வந்தவர்கள்
பத்தொன்பது வருடம் போகவில்லை.

இதெல்லாம் நான் பின்னால் படித்தது.
பள்ளியில் எங்களுக்குச் சொன்னது,
ஏழ்மை இந்த மலையில் தானாக முளைக்கும் செடி என்று.

புதுப் பன்றிகள் அயோவாவிலிருந்து வந்தன.
வெள்ளை. சிமென்ட் தரை கேட்டன, தகரக் கூரை கேட்டன,
குழாய்த் தண்ணீரும் டாலர் விலையில் தீவனமும் கேட்டன.
நாலுகால் இளவரசர் என்று ஜனம் சிரித்தது.
மெர்சிலியா கடன் வாங்கித் தரை போட்டாள்.
மழைக்காலம் முடியுமுன் இளவரசர் செத்துப்போனார்.
கடன் சாகவில்லை.

நான் மறுபடி ஏறியபோது எண்பத்தேழு.
வேலை போயிருந்தது, துப்பாக்கிக்காரன் எங்கேயோ.
மண்தரை வீடு சரிந்து கிடந்தது.
பன்றிக்குக் கட்டிய கொட்டிலில்
குடும்பம் குடியிருந்தது.
சிமென்ட் தரையில் குப்புறப் படுத்து
கரித்துண்டால் எண்கள் எழுதிக்கொண்டிருந்தாள் மகள்.
பள்ளிக்குப் போகாமல் அது ஐந்தாவது அக்டோபர்.

மெர்சிலியா திட்டவில்லை. காப்பி கொடுத்தாள்.
பால் டப்பாவிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள்.
எண் 212. என் கையெழுத்து, சாய்வாக, அழகாக.
"பணம் இன்னும் வரல."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"அவங்க சீட்டெல்லாம் குட்டி போடுமே.
இது இவ்வளவு நாள்ல எத்தனை போட்டிருக்கும்?"

எனக்குக் கணக்கு தெரியும்.
அதற்காகத்தானே வேலை கொடுத்தார்கள்.

மகள் தரையில் ஓரிடத்தை
உள்ளங்கையால் துடைத்துவிட்டு
கரித்துண்டை என்னிடம் நீட்டினாள்.