நல்ல கேஸ்

பதினாலாம் கட்டிலில் மண்ணீரல்
தொப்புள் வரை இறங்கியிருக்கிறது என்று
ராத்திரி டியூட்டி பையன் செய்தி அனுப்பியிருந்தான்:
'சார், நல்ல கேஸ்.'
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன்.

ஆசாரிப்பள்ளம், காலை எட்டரை.
வேளிமலையை மழை எடுத்துப் போயிருந்தது.
ஜன்னல் கம்பியில் யாருடைய லுங்கியோ சொட்டிக்கொண்டிருந்தது.

செல்லநேசன், ஐம்பத்திரண்டு,
கடையாலுமூட்டில் ரப்பர் வெட்டு.
சட்டையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார்.
பன்னிரண்டு பேர். வியாழக்கிழமை பரீட்சை.
வலது இடுப்பிலிருந்து தொடங்கு,
மூச்சை இழுக்கச் சொல்,
விரல் காத்திருக்கட்டும், உறுப்பு தானாக வரும்.
இருபது வருடமாகச் சொல்லும் வாக்கியம்.
அதில் ஒரு அழகு உண்டென்று எனக்கு எண்ணம் வேறு.

நாலாவது பையனின் கை
ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்திருக்கும்.
வயிறு சுருங்கியது.
அவர் மின்விசிறியைப் பார்த்துக் கிடந்தார்,
பட்டையில் கத்தி போகும்போது
மரம் எதைப் பார்க்குமோ அப்படி.

ஏழாவது, பெனிஷா.
கைகளை உரசிச் சூடாக்கினாள். வைக்கவில்லை.
'அண்ணா, தொட்டுப் பாக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்.'

அதுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை என்பது
அப்போதுதான் எனக்கு உறைத்தது
என்று எழுதப் பார்க்கிறேன்.
இல்லை. முன்பே தெரியும்.

'வேண்டாம் மக்கா,' என்றார், 'நோவுது.'

பக்கத்துக் கட்டிலில் கஞ்சி குடித்தவர்
கரண்டியை நிறுத்தினார்.
மீதி ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்தார்கள்.
நான் கடிகாரத்தை.

அதற்குள் அவரே, தணிந்த குரலில்:
'இல்லன்னு சொன்னா, டாக்டரே,
எனக்க கட்டில மாத்திருவீங்களா?'

பதில் வர எனக்கு இரண்டு மூச்சு பிடித்தது.
அந்த இரண்டு மூச்சுக்குள்
சட்டையை நெஞ்சு வரை சுருட்டிவிட்டார்.
'சரி, பாருங்க பிள்ளையளே. ஒங்களுக்கும் படிக்கணும்லா.'

இதைச் சம்மதம் என்று கேஸ் ஷீட்டில் எழுதலாம்.
எழுதியிருக்கிறோம்.

மூன்று பேர் தொட்டார்கள். இரண்டு பேர் தொடவில்லை.
இரு தரப்புக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மதிப்பெண் தாளில்
'கையைச் சூடாக்கினாரா' அரை மார்க்.
'அனுமதி கேட்டாரா' அதுவும் உண்டு, அரை.
'மண்ணீரலைக் கண்டறிந்தாரா' ஐந்து.
பெனிஷாவுக்கு மொத்தம் ஒன்று.
இல்லை என்ற பதிலைக் கேட்டபின்
கையை எடுத்துக்கொண்டாரா
என்பதற்குத் தாளில் கட்டம் இல்லை.
பேனாவால் ஒரு கட்டம் வரைந்தேன்.
எத்தனை போடுவது என்று தெரியாமல்
வெறுமனே விட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு
நெறிமுறை வகுப்பு. அதுவும் நான்தான்.
'நோயாளியின் தன்னுரிமை', பதினோராம் ஸ்லைடு,
நெட்டில் எடுத்த படம், கை குலுக்கும் இரண்டு கைகள்.
அவள் கடைசி பெஞ்சில் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வார்டுக்குப் போய்ச் சொன்னேன்:
கட்டில் உங்களுக்குத்தான், எப்படியும்.
எழுந்து உட்காரப் பார்த்து, முடியாமல்,
படுத்தபடியே கும்பிட்டார்.
'தெரியும் டாக்டரே,
அதுக்குத்தானே காலத்தே காட்டினேன்.'