ஒரு ஊசி குறையுது

உவர்மலைச் சரிவு. லொறிக்கு அடியில்
சாக்கு விரித்துப் படுத்திருக்கிறேன்.
சாஃப்டைக் கழற்றினால்
இந்த லொறிக்குக் கைபிரேக் வெறும் கம்பி.
அதனால் சில்லுக்கு நாலு கருங்கல்,
கல்லில் காலை ஊன்றியபடி தவரூபி.
"கல்லை நம்புறீங்களா, என்னையா?"
நான் நட்டை முறுக்கினேன்.

கழற்றுமுன் சாஃப்டிலும் பிளாஞ்சிலும்
வெற்றிலைச் சுண்ணாம்பால் ஒரே கோடு:
இருந்தபடியே திரும்ப இருக்கவேண்டும்.

பழைய குரோஸைத் தட்டத் தட்ட
மிளகாய்த்தூள் நிறத்தில் துரு
கழுத்துக்குள் கொட்டியது.
மூன்று மாதமாய்க் கந்தளாய் றோட்டில்
கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்' என்றது இதுதான்.
நான் ரேடியோவைக் கூட்டிவைத்தேன்.

புதியதில்
கிரீஸ் பிடித்து வட்டமாய் நிற்கின்றன ஊசிகள்.
மூன்று கிண்ணம் இறங்கிவிட்டது.
நாலாவதில் கிளிப் விழமாட்டேன் என்கிறது,
ஒரு மயிரிழை.
இன்னும் இரண்டு அடி போடு என்கிறது கை.

"எண்ணிப் பாத்தீங்களா?"

கழற்றி, போன் வெளிச்சத்தில் எண்ணினேன்.
ஒன்று குறைய.
கிண்ணத்தின் அடியில்
குறுக்கே படுத்துக் கிடந்தது,
என்னைப் போல.

கிளிப் விழுந்த சத்தம் சின்னது.
சுண்ணாம்புக் கோடுகள் சேர்ந்தன, நாலு நட்டும் இறுகியது.
இனிக் காலை எடுக்கலாம் என்றேன்.

"முதல்ல வெளிய வாங்கோ."