எடைச்சீட்டின் பின்பக்கம்

போனஸ் அறுநூற்று நாற்பது வெள்ளி.
ஒரு லோரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள்
எடைச்சீட்டைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கும் சீலும் தொண்ணூற்றைந்து.
துளை வைத்த பின்சைட்டு நானூற்றுப் பத்து.
புதுக் கட்டை, பால்மரப் பலகைதான்,
தச்சர் கேட்ட கூலியோடு முந்நூற்றைம்பது.
குண்டு இரண்டு டின், எழுபத்தாறு.
கிளப் சந்தா அறுபது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.
கீழிருந்து மேலாகக் கூட்டினாலும் அதேதான்.

"என்ன கணக்கு?" ஃபிட்டர் ஞானப்பிரகாசம்.
"ரைபிள்."
"யாரைச் சுட?"
"காகிதத்தை."
தேநீரை ஊதிக்கொண்டே போய்விட்டார்.

லாபிஸ் சாலையில் பழைய புகைக்கொட்டகை.
ரப்பர் ஷீட் வாடை இன்னும் சுவரில் இருக்கிறது.
அங்கேதான் பத்து மீட்டர்,
இரும்பு அலமாரி, பூட்டு,
லைசென்ஸில் என் பெயர்.
மூன்று கை மாறி வந்த காற்று ரைபிள்.
சுடும்போது இருமும்.
பிடிக்கிற இடத்தில் விரிசல்,
சுற்றிலும் கறுப்பு வயர் டேப்.

ஸ்பிரிங் இல்லாவிட்டால் இருமல்.
குண்டு இல்லாவிட்டால் அது வெறும் மரச்சாமான்.
ஆனால் சைட்டு!
ஈரத்தாளில் விழுந்த மைத்துளிபோல்
கறுப்பு வட்டம் கரைந்து கரைந்து போகிறதே,
நல்ல சைட்டு வந்தால் நிற்கும் என்று
இலியாஸும் சொன்னான், நானும் நம்பினேன்.
கட்டையை அடித்தேன். சந்தாவை அடித்தேன்,
பிறகு வெட்கப்பட்டு மறுபடி எழுதினேன்.

செம்பனைக் குலையோடு ஒரு லோரி.
நம்பரைத் தட்டினேன்.
முராட் இறங்கி வந்தான்.
"காக், அது எட்டு. மூணு இல்ல.
இந்த மாசத்துல இது நாலாவது தடவை."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில்
மிஸ்டர் லியாவ் எழுத்துப் பலகையைக் காட்டினார்.
மூன்றாவது வரியில் எனக்குக் கொசுக்கள்.
"வலக்கண் நூற்றைம்பது.
எத்தனை வருஷமா இப்படி?"
எனக்கு எப்படித் தெரியும்?
உலகமே ஓரம் இல்லாமல்தான் இருக்கிறது என்றல்லவா இருந்தேன்.

பட்டியலில் எங்குமே இல்லாத வரி:
கண்ணாடி, இருநூற்றுத் தொண்ணூறு.
சைட்டை அடித்தேன்.
ஒரு கோடு போதவில்லை, இன்னொன்றும் இழுத்தேன்.
மிச்சம் நூற்றுப் பத்தொன்பது.
வீட்டில் சொல்லவில்லை.

சனிக்கிழமை.
கறுப்பு வட்டத்துக்கு ஒரு விளிம்பு இருந்தது.
ஐந்து குண்டு.
மூன்றை ஐம்பது காசு போட்டு மூடலாம்.
மற்ற இரண்டும் எங்கோ போயின.
இனி அதற்குச் சைட்டைத் திட்ட முடியாது.

துடைத்து வைக்கும்போது பார்த்தேன்,
டேப்பைத் தாண்டி, விசை வரைக்கும்
மயிரிழையாய் ஓடும் விரிசலை.
இத்தனை நாள் நிழல் என்று நினைத்தது.

பையில் சீட்டு இருந்தது.
பின்பக்கம் நிறைந்துவிட்டதால்
முன்பக்கம், யாருடைய குலைகளின் எடைக்கோ கீழே
எழுதினேன்:
கட்டை. முந்நூற்றைம்பது.
கழித்தல் நூற்றுப் பத்தொன்பது.