ஐந்தாவது கட்டம்

பறவைக் காய்ச்சல் வந்த தை மாதம்
கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
எனக்கும் தெய்வசிகாமணிக்கும் இரவுப் பணி.
அந்தப் பக்கமிருந்து வரும் எந்த வண்டிக்கும்
சக்கரம் நனையாமல் தமிழ்நாடு இல்லை.
முதுகில் தெளிப்பான், கையில் குழல்,
வாயில் ஒரே கேள்வி:
கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏதாச்சும்?

பத்து மணிக்குத் திருச்சூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
மகன் அழுதது எனக்கே கேட்டது.
‘சரி’ என்றார். ‘சரி சாமி’ என்றார்.
வைத்துவிட்டு மருந்து கலக்கப் போனார்.
வாளிக்கு எத்தனை மூடி என்று என்னிடம் கேட்டார்,
ஒரு மாதமாகக் கலக்குகிறவர்.

வீட்டுக்குப் போங்க என்றேன்.
‘வண்டி இந்த வழியாத்தானுங்க வரணும்.’

மூன்று பத்துக்கு வந்தது ஆம்புலன்ஸ்,
விளக்குச் சுழலாமல்.
முன் சக்கரம் இரண்டு. பின் சக்கரம் இரண்டு.
குனிந்து மட்கார்டுக்குள்ளும் அடித்தார்.
கண்ணாடியை இறக்கி மகன் ‘அப்பா’ என்றான்.
அவர் ஓட்டுநரிடம் கேட்டார்:
கோழி, வாத்து, முட்டை, தீவனம் ஏதாச்சும்?
‘ஒந்நுமில்ல சேட்டா.’
கம்பியைத் தூக்கிவிட்டார்.
பின்விளக்குகள் புளியமரம் தாண்டி
வெகுநேரமாகியும் இறக்கவில்லை.
அதை மட்டும் பார்த்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடித்து வந்தவருக்கு
வலது கட்டைவிரல் மடங்கவில்லை.
குழலின் விசையை அழுத்த முடியவில்லை.
பொள்ளாச்சியில் படம் எடுத்தார்கள்,
எலும்பில் ஒன்றுமில்லை.
கோவையில் ஊசி குத்தி மின்சாரம் வைத்தார்கள்,
நரம்பில் ஒன்றுமில்லை.
‘ஒண்ணுமில்லீன்னு எழுதியே குடுத்துட்டாங்க’ என்று
சிரித்தபடி இடது கையால் டீ குடித்தார்.
பரிமளம் என்ற பெயரை ஒருமுறை நான் சொன்னேன்.
மழை வருமா என்று வானம் பார்த்தார்,
மாசி வெயிலில்.

நேற்று தணிக்கைக்காகப் பதிவேட்டைப் புரட்டினேன்.
நேரம், எண், ஊர், ஓட்டுநர், சரக்கு.
மூன்று பத்து வரியில்
ஐந்தாவது கட்டத்தில்
மேல்வரியைப் போலவே ‘காலி’ என்றுதான் இருந்தது,
அவருடைய குண்டு எழுத்தில்.

தாளைத் திருப்பினேன்.
அடுத்த தாளிலும் மையில்லாமல் அதே எழுத்து.
அதற்கடுத்ததிலும்.
ஏழாவது தாள்வரை விரலில் தட்டுப்பட்டது.

அந்தப் பக்கங்களை நிரப்பியவன் நான்தான்.
தேங்காய், செங்கல், மாட்டுத்தோல் என்று
அதன் மேலேயே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன்.